பதினெட்டு வயதுக்கு ஒரு வீச்சு வலை

மகனின் கால்சட்டையைத் துவைக்கப் போடும் முன் பைகளைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். மணல், கிளிஞ்சல், நண்டின் ஒடிந்த கொடுக்கு, சிக்கு விழுந்த தூண்டில் நரம்பு என்று எதுவும் அகப்படும். ஒரு நாள் ஓர் ஈயக் குண்டு அகப்பட்டது. சுண்டைக்காய் அளவு, நடுவில் துளை. உள்ளங்கையில் அதன் கனம் பட்டதும் துவைக்கும் வேலை அப்படியே நின்றுபோனது.

என் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப் பையில் இப்படித்தான் குண்டுகள் கிடக்கும். வாரத்தில் ஆறு நாள் அவர் என்ஃபீல்டு தொழிற்சாலைக்காரர். ஏழாம் நாள் தூண்டில்காரர். சனிக்கிழமை இரவு கொல்லையில் விறகடுப்பு மூட்டி, நெளிந்துபோன இரும்புக் கரண்டியில் பழைய ஈயத்தை உருக்குவார். அமுக்கிய மணலில் விரலால் குழி செய்து, நடுவே கம்பி நட்டு ஊற்றுவார். ஊற்றும்போது வெள்ளியாக மின்னுவது, பார்த்திருக்கும்போதே மங்கிச் சாம்பல் நிறமாகும். "கிட்ட வராதே, காத்துக்கு அந்தாண்ட நில்லு" என்று என்னை விரட்டிக்கொண்டே இருப்பார். பொழுது விடியும் முன் நானும் அவரும் கரையில் இருப்போம்.

அப்போது திருவொற்றியூருக்குக் கடற்கரை இருந்தது. பட்டினத்தார் சமாதிப் பக்கம், குப்பங்களை ஒட்டி, கால் புதைய நடக்க மணல் இருந்தது. கட்டுமரங்களை அவிழ்த்துக் கட்டைகளை வெயிலில் காயப் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டைகளின் மேல் உட்கார்ந்து நான் புழு கோக்கக் கற்றேன். இன்று என் பிள்ளைகளிடம் அந்த இடத்தைக் காட்ட முடியவில்லை. அங்கே கருங்கல் பாறைகள் அடுக்கியிருக்கிறார்கள், அதற்கு அந்தப் பக்கம் நேராகக் கடல். ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு வரும். மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் சுவர் எழுந்ததும் அந்த மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. அப்பா இதைத் தூண்டிலைப் போட்டுக்கொண்டே எனக்குச் சொல்லித் தந்தார். "மெரினால நடக்கிறவங்க நம்ம மணல் மேலதான் நடக்கிறாங்க" என்பார். அதில் கோபம் இருக்காது. கணக்குச் சொல்கிற குரல்தான்.

மகனுக்கு ஜூனில் பதினெட்டு முடிகிறது என்ற பேச்சு வீட்டில் மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. என்ன வாங்கித் தருவது?

அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "புல்லட்டு." எண்பதை நெருங்கும் மனிதர் இதைச் சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலையில்தான் அவர் வேலை பார்த்தார். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே புல்லட் வந்துகொண்டே இருந்தது. பெட்ரோல் டாங்கில் ஓடும் பொன்னிறக் கோட்டை இயந்திரம் போடாது, ஆள்தான் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுப்பார். அந்த மனிதர் கோடு இழுக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள் என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எஞ்சின் பூட்டியே தேய்ந்த கை அவருடையது. ஆனால் கடைசி வரை வேலைக்கு அவர் போனது சைக்கிளில். பேரனாவது ஓட்ட வேண்டும் என்ற ஆசையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் எங்கள் சாலை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவில்தான் பள்ளிக்கூடமும் மார்க்கெட்டும் ஆஸ்பத்திரியும். டிரெய்லரின் பின்சக்கரத்தில் இரு சக்கர வண்டிக்காரர் சிக்கிய செய்தி வராத மாதம் எனக்கு நினைவில்லை. "வேறென்ன வேணாலும் குடுங்கப்பா" என்றேன். அவர் வாதாடவில்லை. அன்று மாலை டீயை அப்படியே வைத்துவிட்டார்.

என் தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்து, கூடாரம் வாங்கிக் கொடு, மலையேறும் பூட்ஸ் வாங்கிக் கொடு, குமாரபர்வதம் கூட்டிப் போகிறேன் என்றான். அவனுடைய பதினெட்டு எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம் பார்த்து வடிவுடையம்மன் சந்நிதியில் ஓர் அர்ச்சனை, பள்ளிக்கூடத்தில் ஒரு பை மிட்டாய், அவ்வளவுதான். எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946இல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் ஆரம்பித்தது. அந்த ஊரில் பிறந்தும் பிறந்தநாளுக்கு எங்கள் சுவரில் ஒரு பலூன் தொங்கியதில்லை. பதினெட்டு மட்டும் தனி. அது தொழிற்சாலைக் கேட் திறக்கும் வயது. ஐ.டி.ஐ. முடித்து அப்ரெண்டிஸாகப் போகும் மகனுக்கு அப்பா எச்.எம்.டி. கைக்கடிகாரம் வாங்கிக் கட்டினார். சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்பு கேட்டில் நிற்க வேண்டும் என்பதுதான் அந்தப் பரிசின் பொருள். விம்கோ சங்கு, லேலண்டு சங்கு, என்ஃபீல்டு சங்கு என்று ஊரே சத்தத்தில் எழுந்து சத்தத்தில் சாப்பிட்ட காலம். எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலைகள் 2016இல் மூடப்பட்டன. தம்பி இன்றும் அதற்குச் சாவி கொடுக்கிறான்.

எனக்கு வந்த பெரிய விழா வேறு. ராயபுரத்தில், 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட அந்தப் பழைய ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில், என் ஆயா வீடு. அங்கேதான் எனக்கு மஞ்சள் நீராட்டினார்கள். மாமன் சீராகப் பட்டுப்பாவாடை, வெள்ளிக் குங்குமச் சிமிழ், பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம். எம்.சி. ரோட்டில் எடுத்த தாவணிகள். தட்டுத் தட்டாக அத்தனை பரிசை நான் அதற்கு முன்னும் பின்னும் பெற்றதில்லை. அடுத்த ஞாயிறு விடியற்காலை அப்பா தூண்டிலை எடுத்தார். நானும் எழுந்தேன். அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அப்பா ஒரு முறை திரும்பிப் பார்த்தார், பிறகு தனியாகப் போனார். கடல் வீட்டிலிருந்து அதே தூரத்தில்தான் இருந்தது. நான் அங்கே போனது பிள்ளைகளைப் பெற்ற பிறகுதான்.

அதனால் மகன் நடக்கத் தொடங்கிய நாள் முதல் அவனை வெளியே விட்டேன். பக்கத்து வீட்டார் டியூஷனைப் பற்றிக் கேட்பார்கள், நான் அவன் கண்ட பறவையைப் பற்றிச் சொல்வேன். கொற்றலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கூடி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேரும் அந்த நீர்ப்பரப்புதான் அவனுடைய மைதானம். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் என்று எல்லாப் பக்கமும் அவனுக்கு ஆள் உண்டு. கூழைக்கடா எந்த மாதம் வரும், உள்ளான் எந்தச் சேற்றில் மேயும் என்று தெரியும். இடுப்பளவு நீரில் குந்தி, கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடுகிறவர்களோடு போய் அரைநாள் உட்கார்ந்திருப்பான்.

அதன் மறுபக்கமும் அவனுக்குத் தெரியும். 2017 ஜனவரி கடைசியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர் கரையில் தார் போல எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியில் மொண்டு மொண்டு கைமாற்றினார்கள். அப்போது அவன் நாலாம் வகுப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்தான், அன்றிரவு சாப்பிட மறுத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு மறுபடி முகத்துவாரத்துக்கு வந்தபோது அவன் பதினோராம் வகுப்பு. சிறகெல்லாம் எண்ணெய் தோய்ந்த கூழைக்கடாக்களைப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் பழைய துணி இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஒழுகி ஆற்றின் அடி உயர்ந்த கதையை, எங்கே எவ்வளவு ஆழம் குறைந்தது என்று, அவனுக்குக் குப்பத்துப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "எங்க அப்பன் காலத்துல மூழ்கி எழுந்த எடம் இது" என்று ஒருவர் முழங்கால் நீரில் நின்று காட்டினாராம்.

கூடாரம் பார்க்கத்தான் அவனை ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்குக் கூட்டிப் போனேன். அழகான கடை. இரண்டு நிமிடத்தில் விரியும் கூடாரம், மடக்கு நாற்காலி, நெற்றியில் கட்டும் விளக்கு. அவன் கூடாரத்துக்குள் ஒரு முறை புகுந்து வந்தான். "நல்லாதாம்மா இருக்கு. ஆனா எங்க விரிக்கிறது? நம்ம ஊருல இருக்கிறது பாறைதான்" என்றான். தொலைநோக்கிகளிடம் நின்றான். ஒன்றை எடுத்து எதிர்ச்சுவரைப் பார்த்துவிட்டு வைத்தான். திரும்பி வரும்போது மெட்ரோவில் சொன்னான்: "எனக்கு ஒரு வீச்சு வலை வேணும்மா. கடைல இருக்கிறது வேணாம், கையால கட்டினது. குப்பத்துல ஒரு தாத்தா கட்டுவாரு."

நான் சன்னலைப் பார்த்துக்கொண்டேன். அவன் கேட்டது அத்தனை சரியாக இருந்தது. நாங்கள் எல்லோரும் அவனை ஊரை விட்டு வெளியே கொண்டுபோகும் பொருளையே தேடிக்கொண்டிருந்தோம். சாலையில் பறக்க ஒன்று, மலைக்குப் போக ஒன்று. காற்றும் தண்ணீரும் பிடிக்கிற பிள்ளைக்கு எண்ணூரில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பது. அவன் எண்ணூருக்குத்தான் பரிசு கேட்டான்.

குப்பத்துக்கு அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனோம். நாங்கள் மீனவக் குடும்பம் இல்லை, கேட்டு அனுமதி பெறாமல் செய்கிற காரியமும் இல்லை. வீட்டு நிழலில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது? எங்க வூட்டுப் புள்ளைங்களே வலைய வுட்டுட்டுக் கம்பெனி வேலைக்கு ஓடுதுங்க. ஒங்க புள்ளைக்கு வலை கேக்க வந்துகிறீங்க."

"அவன்தான் கேட்டான் நைனா. உங்க கையால வேணுமாம்."

அவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். அவனை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் அன்று புதிதாகப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இறால் வலை கட்டுவதற்குக் குப்பத்துக்குக் குப்பம் முறை உண்டு, அதற்குப் பாடு என்று பேர். "பாடு வலை கட்டிகிற எடத்தாண்ட நீ வீசக்கூடாது. புடிச்சத வித்துத் துட்டு பாக்கக்கூடாது, அது எங்க சோறு. கண்ணு சின்னதா வெய்யினு கேக்கக்கூடாது, குஞ்செல்லாம் ஏறிடும். இதுக்கு ஒத்துக்கினா கட்டித் தாரேன்." மகன் தலையாட்டினான். "தலைய ஆட்டாத, வாயால சொல்லு" என்றார். சொன்னான்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பெரியவரின் பிள்ளை வேலை செய்யும் லாஞ்சும் காசிமேட்டில் கட்டிக் கிடந்தது. நூல் வாங்க அங்கேதான் போனோம். துறைமுகம் முழுக்கப் படகுகள் தோளோடு தோள் நின்றன. புது நைலான் கயிற்றின் வாசனை, டீசல், கருவாடு, சாயம் அடிக்கும் பெயின்ட் எல்லாம் கலந்த ஒரு காற்று. மீன் ஏலக் கூச்சல் இல்லாத காசிமேட்டில் வலை பின்னுகிறவர்கள் பேசிக்கொள்வது கேட்டது. சுனாமிக்கு முன்னால் அந்தக் கரையில் கட்டுமரங்கள் இருந்தன. 2004க்குப் பிறகு நிவாரணத்தில் ஃபைபர் படகுகள் வந்து குவிந்ததும் அவை மறைந்தன. கட்டுமரம் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன, கட்டச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை. வீச்சு வலைக்கும் அதே நிலை வந்துகொண்டிருக்கிறது. ஆயத்தமாகக் கடையில் தொங்குவதைத்தான் வாங்குகிறார்கள்.

மகன் தினமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். உச்சியில் சில கண்களோடு தொடங்கி, சுற்று கீழே வர வரக் கண்களைக் கூட்டிக்கொண்டே போவார். வட்டம் விரிவது அந்தக் கூட்டலில்தான். எந்தச் சுற்றில் எத்தனை கூட்ட வேண்டும் என்பதை எழுதி வைத்ததில்லை. மூங்கில் ஊசியில் நூல் சுற்றி, பட்டையான குச்சியில் அளவு வைத்து ஒவ்வொரு முடிச்சாகப் போடுவார். பேசிக்கொண்டே போடுவார், முடிச்சு தவறாது.

ஒரு நாள் அப்பாவிடம் மகன் சொல்லிக்கொண்டிருந்தான்: வலையின் விளிம்பில் ஈயம் கோக்க வேண்டும், கடைக் குண்டு ஒரே கனத்தில் இல்லையாம், பெரியவர் திட்டுகிறாராம். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து கொல்லைக்குப் போனார். அந்த நெளிந்த கரண்டியை எங்கிருந்தோ எடுத்து வந்தார். அந்த வாரம் முழுவதும் மொட்டை மாடியில் ஈயம் உருகியது. "காத்துக்கு அந்தாண்ட நில்லு" என்று பேரனை விரட்டும் குரல் கீழே எனக்குக் கேட்டது. ஒவ்வொரு குண்டையும் சமையல் தராசில் போட்டுப் பார்த்தார். தொழிற்சாலையில் பழகிய மனிதர், கூடினாலோ குறைந்தாலோ மறுபடி உருக்கினார். அந்தத் தராசை நான் பிறகு கடைக்காரரிடம் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன், ஈயம் பட்டதில் அரிசி அளக்க மனம் வரவில்லை. புல்லட் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

பிறந்தநாள் அன்று காலை வடிவுடையம்மனுக்கு அர்ச்சனை. வீட்டில் வடை, பாயசம். வெயில் தாழ்ந்ததும் ஆட்டோவில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு எல்லோரும் முகத்துவாரத்துக்குப் போனோம். பெரியவர் வலையை உதறி, தண்ணீரில் நனைத்து, அவன் கையில் கொடுத்தார். கயிறு இடது மணிக்கட்டில். மடிப்பில் பாதி முழங்கையில். விளிம்பின் ஒரு நுனி பல்லில். மீதி வலக்கையில். இடுப்பைத் திருப்பி விட வேண்டும், கையால் எறியக் கூடாது. முதல் வீச்சு மூட்டையாகப் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். "மீனு சிரிக்கும்டா. இடுப்பு எங்க?" என்றார் பெரியவர். இருட்டப் போகும் சமயத்தில் ஒரே ஒரு தடவை அது முழு வட்டமாக விரிந்தது. குண்டுகள் ஒன்றாகத் தண்ணீரைத் தொட்டன. அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார்.

ஏறியது மடவை, கொஞ்சம் கிழங்கான். சின்னவற்றை அவனே விட்டான். மீதியைச் சமைப்பதா என்று யோசித்தேன், அதை மறைக்க மாட்டேன். எண்ணெய் பரவிய மாதங்களில் எண்ணூர் மீன் என்றால் சந்தையில் தொட ஆளில்லை. இந்தச் சேற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குப்பங்களில் ஒவ்வொரு வீட்டிலும் அன்று ராத்திரி அதே ஆற்று மீன்தான் கொதித்தது. தன் ஆற்று மீனைத் தின்ன ஒரு தாய் யோசிக்க வேண்டியிருப்பது பெரிய அநியாயம், அதைச் செய்தவர்கள் சரிசெய்து தர வேண்டும். இதைக் கேட்கிற கூட்டங்களுக்கு மகன் போகிறான், இப்போது நானும் போகிறேன். அன்று குழம்பு வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டோம்.

அதற்கு முன் கரையில் இன்னொன்று நடந்தது. அண்ணன் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் என் மகள் வலையைத் தூக்கினாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு அருகில் போய் அவள் தோளிலிருந்து வலையை மெல்ல இறக்கினார்.

"இது உனுக்கு நீட்டும்மா. தோள் தாங்காது." மடியிலிருந்து நூலை எடுத்து அவள் தோளிலிருந்து தரை வரை பிடித்துப் பார்த்தார். "சின்னதா ஒண்ணு கட்டலாம். நீச்சல் தெரியுமா?"

"தெரியாது தாத்தா."

"மொதல்ல அத்தக் கத்துக்க."

"நான் சொல்லித் தரேன்" என்றான் மகன்.

"நீ வாணாம். எம் பேத்தி இருக்கிறா, அவ கத்துத் தருவா. ஞாயித்துக்கெழம விடியக்காலம் வரச் சொல்லும்மா."

"நானும் வரலாமா நைனா?" என்றேன்.

"கேட்டுக்கினா வருவாங்க? வா" என்று சொல்லிவிட்டு வலையை அலசத் தண்ணீரில் இறங்கினார்.